வாசகர் கேள்வி பதில்: மலையேறும் காரில் பெட்ரோல் வாடை

நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வந்த கடிதங்களில் இந்த முறை பெட்ரோல் வாடை பற்றியவையே அதிகம். வாடை வருகிறது என்று மட்டும் எழுதாமல், எப்போது வருகிறது, எந்த சீட்டில் உட்கார்ந்தால் வருகிறது என்று பலர் குறித்து அனுப்பியிருக்கிறார்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடுகிறது. பின்சீட்டில் வரும் வாடையும் பானெட்டிலிருந்து வரும் வாடையும் ஒன்றல்ல. குளிர்ந்த இன்ஜினில் வருவதும் சூடான இன்ஜினில் வருவதும் ஒன்றல்ல.

கேள்வி: ஏழு வருடமான சின்ன பெட்ரோல் கார். மேட்டுப்பாளையத்தில் ஃபுல் டேங்க் அடித்துக்கொண்டு ஏறினால், பர்லியார் தாண்டும்போதே பின்சீட்டில் இருக்கும் அம்மா வாடை அடிக்கிறது என்பார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஓட்டினால் போய்விடுகிறது. கீழே ஒரு சொட்டுகூட இல்லை. ஒர்க்ஷாப்பில் கேட்டால், "மலை ஏறினால் அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். நிஜமா?
– குன்னூர் வாசகர்

பதில்: இல்லை. கோளாறு இல்லாத வண்டி எந்த உயரத்திலும் உள்ளே பெட்ரோல் வாடை அடிக்காது. ஆனால் சமவெளியில் மறைந்திருந்து, மலை ஏறும்போது மட்டும் வெளியே தெரியும் கோளாறுகள் உண்டு. உங்கள் வண்டியில் இருப்பது அந்த ரகம்.

டேங்கில் பெட்ரோலுக்கு மேலே கொஞ்சம் காலி இடம் விட்டுத்தான் வடிவமைத்திருப்பார்கள். அங்கே சேரும் ஆவி நேராக வெளியே போகாது. ஒரு குழாய் வழியாக, கரி நிரப்பிய கேனிஸ்டர் என்ற டப்பாவுக்குப் போகும். கரி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்ஜின் ஓடும்போது பர்ஜ் வால்வு திறந்து, இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டின் உறிஞ்சலில் அந்த ஆவி இன்ஜினுக்குள் போய் எரிந்துவிடும்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240 மீட்டர். இந்த ஏற்றத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. வெளியே அழுத்தம் குறையக் குறைய, டேங்கில் உள்ள ஆவி விரிந்து கேனிஸ்டரை நோக்கித் தள்ளிக்கொண்டு வரும். அதே நேரத்தில் இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிடித்து ஏறுவதால் மேனிஃபோல்டில் உறிஞ்சல் குறைந்துபோகும். கேனிஸ்டருக்குள் வரும் ஆவி அதிகம், அதிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ஆவி குறைவு. நல்ல கேனிஸ்டர் இதைத் தாங்கும். ஏற்கெனவே பெட்ரோலில் நனைந்துபோன கேனிஸ்டர் தாங்காது.

அது நனைவதற்குப் பெரும்பாலும் பங்க்தான் காரணம். நாசில் 'டக்'கென்று தானாக நின்ற பிறகு, ரூபாயை முழுசாக்க இன்னும் இரண்டு மூன்று முறை அழுத்துவார்கள். அந்த ஒன்றிரண்டு லிட்டர் போய் உட்காருவது ஆவிக்காக விட்ட காலி இடத்தில். அடுத்து வரும் கொண்டை ஊசி வளைவுகளில் பெட்ரோல் அலம்பி, ஆவி போக வேண்டிய குழாயில் திரவமாகவே ஏறிவிடும். கரி ஆவியைப் பிடிக்கும், திரவத்தில் ஊறினால் பாழாகும்.

மூன்று சோதனை செய்து பாருங்கள். முதலாவது, மேட்டுப்பாளையத்தில் அரை டேங்க் மட்டும் போட்டுக்கொண்டு ஏறுங்கள். அப்போதும் வாடை வந்தால் கேனிஸ்டரோ பர்ஜ் வால்வோ பழுது. வராவிட்டால், ஃபுல் டேங்க் போட்டு, ஏறாமல் சமதரையில் ஒரு ராத்திரி நிறுத்துங்கள். சமதரையிலேயே வாடை வந்தால் டேங்கின் மேல்பக்க சீல்களைப் பார்க்க வேண்டும்: பெட்ரோல் பம்ப் உட்காரும் இடத்து ஓ-ரிங் என்ற வட்ட ரப்பர் சீல், பெட்ரோல் ஊற்றும் குழாயை டேங்கோடு சேர்க்கும் ரப்பர் ஹோஸ், அதன் கிளிப். அண்மையில் பம்ப் மாற்றியிருந்தால் சந்தேகமே வேண்டாம், பழைய ஓ-ரிங்கையே திரும்பப் போட்டிருப்பார்கள். பெட்ரோலில் ஊறிய ஓ-ரிங் உப்பி நீண்டுவிடும். பள்ளத்தில் சரியாக உட்காராமல் ஒரு இடத்தில் மடங்கி நிற்கும். புதிதாகத்தான் போட வேண்டும். ஃபுல் டேங்கோடு ஏறும்போது மட்டும் வாடை வருகிறது, மற்ற இரண்டிலும் இல்லை என்றால், நாசில் நின்றவுடன் "போதும்ண்ணே" என்று சொல்வதுதான் வைத்தியம்.

பர்ஜ் வால்வைச் சோதிப்பது சுலபம். இன்ஜின் அணைந்திருக்கும்போது அது மூடியிருக்க வேண்டும். இரண்டு ஹோஸையும் கழற்றி, ஒரு முனையில் சுத்தமான ஹோஸ் துண்டைச் சொருகி ஊதிப் பாருங்கள். காற்று போனால் வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கிறது, மாற்றுங்கள். இந்தக் கோளாறு உள்ள வண்டி, பெட்ரோல் போட்டவுடன் ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்யும், ஐடிலில் தடுமாறும். பன்னிரண்டு வோல்ட் கொடுத்தால் 'டிக்'கென்று திறக்கவும் வேண்டும். திறக்காத வால்வு என்றால் கேனிஸ்டர் காலியாகவே ஆகாது.

கேனிஸ்டரைக் கழற்றிக் கையில் எடுத்தால் கனமாக இருந்து, ஆட்டும்போது உள்ளே திரவம் அலம்பினால் அது வேலைக்கு ஆகாது. லேசாக நனைந்ததென்றால் டேங்கைப் பாதிக்கு மேல் நிரப்பாமல் சில நூறு கிலோமீட்டர் ஓட்டினால் தேறிவிடக்கூடும். ஹோஸில் கரித்துகள் வந்திருந்தால் உடனே மாற்றுங்கள். அந்தத் துகள் பர்ஜ் வால்வுக்குள் போய் அதையும் கெடுக்கும். கேனிஸ்டரின் காற்றுவாயில் குளவி மண் கூடு கட்டியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

இறங்குகிறவர்களுக்கும் ஒன்று. ஊட்டியில் 10 டிகிரி குளிரில் 35 லிட்டர் டேங்கை வாய்வரை நிரப்பி, மதியம் 35 டிகிரியில் மேட்டுப்பாளையம் வந்து நின்றால், பெட்ரோல் விரிவது முக்கால் லிட்டருக்கு மேல். காலி இடம் விடாவிட்டால் அது வழிந்துதான் ஆக வேண்டும்.

கேள்வி: விடிகாலையில் காரை ஸ்டார்ட் பண்ணியதும் பானெட் பக்கமிருந்து நல்ல பெட்ரோல் வாடை. ஐந்து நிமிடத்தில் போய்விடுகிறது. பத்து மணிக்கு மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் வாடையும் இல்லை, கசிவும் இல்லை. டிசம்பர், ஜனவரியில்தான் அதிகம்.
– உதகை வாசகர்

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளம், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் ஓ-ரிங்குக்கு அப்படியே பொருந்துகிறது. ரப்பர் பழசானால் அமுங்கிய வடிவத்திலேயே இறுகிப்போகும். உறைபனி விழும் காலையில் இன்னும் சுருங்கி விறைக்கும். அந்த இடைவெளியில் பெட்ரோல் கசியும். இன்ஜின் சூடேறியதும் ரப்பர் விரிந்து தானே அடைத்துக்கொள்ளும். பத்து மணிக்குப் பார்க்கும் மெக்கானிக் கண்ணில் எதுவும் படாததற்கு அதுதான் காரணம். வண்டியை முந்தின நாளே ஒர்க்ஷாப்பில் விட்டுவிட்டு, காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பார்க்கச் சொல்லுங்கள். அல்லது நீங்களே பாருங்கள்.

இரண்டு பேர் வேண்டும். இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். ஒருவர் பானெட்டைத் திறந்து எல்.இ.டி. டார்ச்சோடு நிற்க, மற்றவர் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்ப வேண்டும். பம்ப் இரண்டு மூன்று விநாடி ஓடி, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக்கொடுக்கும் குழாயான ஃபியூயல் ரெயிலில் சுமார் 3 பார் (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல மூன்று மடங்கு) அழுத்தம் ஏற்றும். அணைத்து, மறுபடி திருப்பி, நான்கைந்து முறை செய்யுங்கள். டிஷ்யூ பேப்பரைத் திரியாக முறுக்கி ஒவ்வொரு இன்ஜெக்டரின் கழுத்தையும் சுற்றித் தொட்டுப் பாருங்கள். மலைக்காலையில் இன்ஜின் முழுக்கப் பனி கோத்திருக்கும், அதனால் ஈரத்தைக் கண்டதும் முடிவுக்கு வரக் கூடாது. திரியைக் கொஞ்சம் தள்ளி வைத்து ஒரு நிமிடம் பொறுங்கள். பெட்ரோல் நனைத்த இடம் ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுருங்கிக் காய்ந்துவிடும், மூக்கருகே கொண்டுபோனால் சந்தேகமே இருக்காது. பனி நனைத்த இடம் அப்படியே இருக்கும். கசியும் இன்ஜெக்டரைச் சுற்றித் தூசி ஒட்டி, கழுவி எடுத்தது போல ஒரு தடமும் தெரியும்.

மாற்றும் வேலைக்கு முதலில் அழுத்தத்தை இறக்க வேண்டும். பெட்ரோல் பம்ப் ரிலேயை அல்லது ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் சில விநாடியில் தானே அணையும். இன்னொரு முறை மூன்று விநாடி செல்ஃப் அடித்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். ஃபியூயல் ரெயிலைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி, அடியில் பனியன் வேஸ்ட் வைத்து, ரெயிலை இருபக்கமும் சமமாக மேலே இழுங்கள். மேல் ஓ-ரிங் பெட்ரோலைத் தடுப்பது, கீழ் சீல் மேனிஃபோல்டின் காற்றைத் தடுப்பது. ஒன்றுதான் கசிந்தாலும் எல்லா இன்ஜெக்டருக்கும் இரண்டையும் மாற்றிவிடுங்கள். கழற்றிய பிறகு பழசை விட்டுவைப்பது வீண் மிச்சம்.

ஓ-ரிங் வண்டிக்குரிய பார்ட் நம்பரில் இருக்கட்டும். அளவு பொருந்துகிறதே என்று தண்ணீர்க் குழாய்க் கடையில் வாங்கிப் போடுகிறார்கள். அந்த ரப்பர் பெட்ரோலில் ஊறி உப்பிக் கூழாகிவிடும். புதிய ஓ-ரிங்குக்கு ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் தடவிப் பொருத்துங்கள். கிரீஸும் வேண்டாம், சிலிகான் பசையும் வேண்டாம். பொருத்தியபின் ஒவ்வொரு இன்ஜெக்டரும் கையால் திருப்பினால் லேசாகச் சுழல வேண்டும். சுழலாவிட்டால் ஓ-ரிங் கடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். பேட்டரியை இணைத்து, பழைய டிஷ்யூ சோதனையை மறுபடி செய்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் தெளிக்கும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டியில் இதை வீட்டில் செய்யவே கூடாது. அங்கே ரெயிலில் அழுத்தம் நூறு பாருக்கு மேல்.

கேள்வி: வீட்டுக்குக் கீழே ஷெட். சரிவான தரை. காலையில் ஷெட்டைத் திறந்தால் வாடை. கார் நிற்கும் இடத்தில் பின்பக்கம் சிறு கறை. குளிருக்கு மேலே வீட்டில் கரி அடுப்பு வைப்போம். பயமாக இருக்கிறது.
– கோத்தகிரி வாசகி

பதில்: பயம் நியாயமானது. இன்று ராத்திரியே காரை ஷெட்டில் விடாமல் வெட்டவெளியில் நிறுத்துங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போய்க் கலையாமல் தரையோடு தவழ்ந்து, சரிவில் இறங்கி, கதவடியிலும் படிக்கட்டடியிலும் தேங்கும். ஊட்டிக் குளிரில் ஆவியாகாது என்று நினைப்பது தவறு. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலும் பெட்ரோலிலிருந்து தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி கிளம்பும். காற்றில் ஒன்றரை சதவீதம் கலந்தாலே போதும், ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும்.

காலையில் ஷெட்டைத் திறந்து வாடை அடித்தால் லைட் சுவிட்சைத் தொடாதீர்கள், போடவும் வேண்டாம் அணைக்கவும் வேண்டாம். மேலே அடுப்பிருந்தால் அணைத்துவிட்டு, கதவுகளைத் திறந்து அரைமணி நேரம் விடுங்கள். சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்யாமல், நியூட்ரலில் போட்டு நான்கு பேராகத் தள்ளி வெளியே எடுங்கள். ஷெட்டில் 2 கிலோ ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும். அதை உள்மூலையில் மாட்டாமல் கதவருகே மாட்டுங்கள்.

கசிவைக் கண்டுபிடிக்கச் சரிவே உதவும். ஒரு ராத்திரி காரின் மூக்கு மேலாகவும் மறுராத்திரி மூக்கு கீழாகவும், வெளியில், அடியில் செய்தித்தாள் விரித்து நிறுத்துங்கள். மூக்கு மேலே இருக்கும்போது மட்டும் கறை விழுந்தால், பெட்ரோல் பின்னால் சேர்ந்து டேங்கின் பின்பக்கத்தையோ பெட்ரோல் ஊற்றும் குழாயையோ தொடுகிறது. அந்தக் குழாய் இரும்பில் இருக்கும் வண்டிகளில், பின்சக்கரத்து வளைவுக்குள் சேறு ஒட்டிக்கொண்டு, மழையும் மூடுபனியும் காயவிடாமல் வைத்திருந்து, பிராக்கெட் பிடிக்கும் இடத்தில் துருப்பிடித்து ஓட்டை விழும். பிளாஸ்டிக் லைனரைக் கழற்றிச் சேற்றைச் சுரண்டினால்தான் தெரியும். துருப்பிடித்த குழாயை மாற்ற வேண்டும். டேங்கோடு சேர்ந்த எந்தப் பாகத்தையும் வெல்டிங் வைக்க யாருக்கும் கொடுக்காதீர்கள். காலியான டேங்க்தான், ஆவி நிறைந்திருப்பதால், நிரம்பியதைவிட ஆபத்தானது.

டேங்கிலேயே ஊசித்துளை விழுந்திருந்தால் எஸ்டேட் டிரைவர்கள் துணி சோப்பை அழுத்தித் தேய்த்து அடைப்பார்கள். சோப்பு பெட்ரோலில் கரையாது என்பதால் அது நிற்கும். ஆனால் அடுத்த ஒர்க்ஷாப் வரை மட்டும்.

கேள்வி: பழைய கார்புரேட்டர் ஆம்னி. வத்தலகுண்டிலிருந்து ஏறி பெருமாள்மலையில் டீ குடிக்க நிறுத்தினால், திரும்ப எடுக்கும்போது உள்ளே பெட்ரோல் வாடை, ஸ்டார்ட்டும் ஆகாது. அரைமணி கழித்து எடுக்கிறது. மதுரையில் இந்தத் தொந்தரவே இல்லை.
– கொடைக்கானல் வாசகர்

பதில்: உயரம் கூடினால் பெட்ரோல் கொதிக்கும் வெப்பம் குறையும். ஆம்னியில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில், காற்றோட்டம் குறைந்த பெட்டிக்குள். நீண்ட ஏற்றம் ஏறிச் சட்டென்று அணைத்தால், குளிர்விக்கும் காற்று நின்று, இன்ஜினின் சூடு முழுக்கக் கார்புரேட்டருக்கு ஏறும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் கிண்ணமான ஃப்ளோட் சேம்பரில் உள்ள பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டுக்குள் வழியும். அதுதான் வாடை, அதுதான் ஸ்டார்ட் ஆகாததற்கும் காரணம்.

அணைக்கும் முன் இரண்டு நிமிடம் ஐடிலில் விடுங்கள். அணைத்ததும் சீட்டைத் தூக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போங்கள். எடுக்கும்போது சோக் இழுக்காதீர்கள். ஆக்சிலரேட்டரை ஒரே அழுத்தாக முழுக்க அழுத்திப் பிடித்துக்கொண்டு ஐந்து விநாடி செல்ஃப் அடியுங்கள். விட்டு விட்டு மிதித்தால் ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் பெட்ரோல் பாயும், இன்னும் மூழ்கும்.

நிரந்தரத் தீர்வுக்கு, கார்புரேட்டருக்கு அடியில் உள்ள கனமான இன்சுலேட்டர் வெடித்திருக்கிறதா, சைலன்சர் பக்கத்துத் தகடு கழன்றிருக்கிறதா, பெட்ரோல் ஹோஸ் சூடான இடத்தை உரசுகிறதா, டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். சமதரையில் குளிர்ந்த இன்ஜினிலும் வாடை வந்தால் அந்தக் கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோலை நிறுத்தும் நீடில் வால்வு தேய்ந்திருக்கும் அல்லது மிதவையான ஃப்ளோட்டுக்குள் பெட்ரோல் புகுந்திருக்கும். ஃப்ளோட்டைக் கழற்றிக் காதருகே ஆட்டினால் உள்ளே சலசலப்பது கேட்கும். சீட்டுக்கடி மூடியின் ஓரத்து ரப்பர் பீடிங்கையும் மாற்றுங்கள், வாடை கேபினுக்குள் நுழையும் வழி அதுதான்.

கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். காற்று அங்கே மெலிந்திருப்பதால், மதுரைக்கு டியூன் செய்த கார்புரேட்டர் பத்து சதவீதம் அளவுக்குப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். சைலன்சரில் கறுப்புப் புகையும் நெடியும் வரும். வண்டி மலையிலேயே நிரந்தரமாக ஓடுவதென்றால் கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு சிறிதாக்கலாம். வாரம் ஒருமுறை மதுரை போகிறவர் அதைச் செய்ய வேண்டாம். கீழே பெட்ரோல் போதாமல் இன்ஜின் சூடேறி வால்வு கருகும்.

கேள்வி: ஆயில் பார்க்கும் கம்பியை உருவினால் பெட்ரோல் வாடை. ஆயில் மட்டமும் மேல்கோட்டைத் தாண்டி நிற்கிறது. ஸ்கூலுக்கு இரண்டு கிலோமீட்டர் போய்வருவதுதான் ஓட்டம்.
– லவ்டேல் வாசகி

பதில்: குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் போகும். அதில் எரியாத பகுதி சிலிண்டர் சுவரோடு வழிந்து ஆயிலில் கலக்கும். இன்ஜின் நன்றாகச் சூடேறினால் அது ஆவியாகிப் போய்விடும். இரண்டு கிலோமீட்டரில் சூடேற நேரமே இல்லை. இப்போதே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். பெட்ரோல் கலந்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. பிறகு வாரத்தில் ஒரு நாளாவது நிற்காமல் 25, 30 கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஆயிலை 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

அதோடு தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று பாருங்கள். மலை ஏறும்போது இன்ஜின் சூடாகிறது என்று யாராவது புகார் சொன்னால், சிலர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எடுத்துவிடுகிறார்கள். அது 82 டிகிரி வாக்கில் திறந்து, அதுவரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் இன்ஜினைச் சூடேற்றும் பாகம். அது இல்லாத வண்டி நீலகிரிக் குளிரில் சூடே ஏறாது. பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் கம்ப்யூட்டரும், இன்ஜின் இன்னும் குளிர்ந்திருப்பதாக எண்ணி ஓயாமல் கூடுதல் பெட்ரோல் தெளிக்கும். இருபது நிமிடம் ஓட்டியும் ஹீட்டரில் வெதுவெதுப்பான காற்றுதான் வருகிறது, டெம்பரேச்சர் முள் பாதிக்கு வரவில்லை, மைலேஜும் இறங்கிவிட்டது என்றால் தெர்மோஸ்டாட்டைப் புதிதாகப் போடுங்கள். ஏற்றத்தில் சூடாவதற்கு ரேடியேட்டர் அடைப்பையும் ஃபேனையும் பார்க்க வேண்டுமே தவிர, இதைக் கழற்றக் கூடாது.

கேள்வி: எலி பெட்ரோல் ஹோஸைக் கடித்துவிட்டது. மெக்கானிக் சைக்கிள் டியூப் சுற்றி, மேலே டேப் ஒட்டியிருக்கிறார். போதுமா?
– மஞ்சூர் வாசகர்

பதில்: போதாது. சைக்கிள் டியூப் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும், டேப்பின் பசை ஒரு மணி நேரத்தில் விட்டுவிடும். உள்ளே 3 பார் அழுத்தம். அது கிழியும்போது சொட்டாக வராது, பீச்சியடிக்கும், அதுவும் சூடான சைலன்சர் மேனிஃபோல்டின் மேல். மாற்றும் வரை ஓட்டாதீர்கள். இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு எஸ்.ஏ.இ. ஜே30ஆர்9 என்று அச்சடித்த ஹோஸ் வாங்குங்கள். ஜே30ஆர்7 குறைந்த அழுத்தத்துக்கானது, கார்புரேட்டர் வண்டிக்குச் சரி. கிளிப்பும் ஓரம் மடித்த வழுவழுப்பான ரகமாக இருக்க வேண்டும். பட்டையில் வெட்டுத்துளை உள்ள சாதாரண ஸ்க்ரூ கிளிப் ரப்பரை அறுத்துவிடும். நைலான் குழாய் என்றால் முழு நீளத்தையும் கனெக்டரோடு மாற்ற வேண்டும், நடுவில் ஒட்டுப் போடக் கூடாது.

எலி வருவது சூட்டுக்கும் தீனிக்கும். உருளைக்கிழங்கு, கேரட் மூட்டைகளைக் கார் நிற்கும் ஷெட்டில் அடுக்குவதை நிறுத்தினாலே பாதி குறையும்.

கேள்வி: தேயிலை வெட்டும் மெஷினுக்கு பெட்ரோல் கொண்டுபோகும்போது டிக்கியில் ஒரு லிட்டர் கொட்டிவிட்டது. பதினைந்து நாளாகியும் வாடை போகவில்லை. சென்ட் அடித்துப் பார்த்துவிட்டோம்.
– எடப்பள்ளி வாசகர்

பதில்: சென்ட் வேண்டாம், அது மூக்கை ஏமாற்றும், ஆவியைக் குறைக்காது. டிக்கி கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் ஃபெல்ட்தான் பெட்ரோலைக் குடித்து வைத்திருக்கிறது. கார்ப்பெட், ஃபெல்ட், ஸ்டெப்னி எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். ஸ்டெப்னிக் குழியின் அடியில் உள்ள ரப்பர் அடைப்பானைக் கழற்றி, தேங்கியதை ஒற்றி எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். கார்ப்பெட்டின் மேல் சமையல் சோடாவைத் தாராளமாகத் தூவி ஒரு ராத்திரி வைத்து உதறிவிட்டு, சோப்புப் போட்டு அலசி, வெயிலில் இரண்டு மூன்று நாள் போடுங்கள். இரண்டு முறை அலசியும் வாடை விடாத ஃபெல்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போடுங்கள். வீட்டு வேக்குவம் கிளீனரை அங்கே கொண்டுபோகாதீர்கள். உறிஞ்சும் ஆவி அதன் மோட்டார் வழியாகப் போகிறது, மோட்டாரில் பொறி பறக்கும். ஹேர் டிரையரும் அப்படித்தான். முழுக்கக் காயும் வரை கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள், குழந்தைகளை ஏற்ற வேண்டாம். பெட்ரோலில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன் இருக்கிறது.

இனிமேல் பழைய எண்ணெய் கேனில் கொண்டுபோகாதீர்கள். கீழே நிரப்பி இறுக்கி மூடிய பிளாஸ்டிக் கேன் மேலே வரும்போது பந்து மாதிரி உப்பி, மூடியோரத்தில் கசியும். பெட்ரோலுக்கென்றே செய்த, ரப்பர் வாஷர் உள்ள உலோகக் கேனில் பத்தில் ஒன்பது பங்கு மட்டும் நிரப்புங்கள். நிரப்பும்போது கேன் டிக்கியில் இருக்கக் கூடாது, தரையில் இறக்கி வைத்துத்தான் ஊற்ற வேண்டும். கார்ப்பெட்டில் உரசிச் சேர்ந்த நிலைமின்சாரம் ஒரு பொறிக்குப் போதும்.

கேள்வி: 2012-இல் வாங்கிய வண்டி. எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததிலிருந்து வாடை என்று நினைக்கிறேன். எத்தனாலின் வாடையா?
– பண்ணைக்காடு வாசகர்

பதில்: எத்தனால் கலந்த பெட்ரோல் தானாக வாடை அடிக்காது, வெளியே வந்தால்தான் அடிக்கும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளில் ரப்பரும் பிளாஸ்டிக்கும் 20 சதவீத எத்தனாலைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. உங்கள் வண்டியின் ரப்பர் அதற்கு முந்தியது, வயதும் ஆகிவிட்டது. டேங்க் மூடியின் ரப்பர் வாஷரை நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகத்தடம் மீளாமல் நின்றாலோ, வளைக்கும்போது கீறல் விழுந்தாலோ மூடியை மாற்றுங்கள். இன்ஜின் பக்கத்து ஹோஸ்களைக் கிள்ளிப் பாருங்கள், கொழகொழப்பும் கெட்டி தட்டியதும் இரண்டுமே கெட்டுப்போனதற்கு அடையாளம். புளோயரை வெளிக்காற்றில் வைத்தால் வாடை வந்து, உள்காற்றுச் சுற்றில் வைத்தால் நின்றுவிட்டால் கசிவு பானெட்டுக்குள்தான். முன்கண்ணாடிக்கு அடியிலிருந்துதான் அந்தக் காற்று உள்ளே வருகிறது. ஹோஸ்களைப் பார்ப்பதை அங்கிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: கல்லட்டி இறக்கத்தில் 36 வளைவும் முடிந்து மசினகுடி வந்து சேர்ந்ததும் கருகல் வாடை. பெட்ரோலா?
– மசினகுடி வாசகர்

பதில்: பெட்ரோல் இல்லை, பிரேக் பேட். சக்கரத்தருகே போனால் சூடும் சேர்ந்து அடிக்கும். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் வளைந்துவிடும். ஹேண்ட் பிரேக் போடாமல், கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து அரைமணி ஆறவிடுங்கள். அடுத்த முறை முதல் கியரிலோ இரண்டாவதிலோ இறங்குங்கள்.